விளம்பரத்துக்கு வரம்பு வந்தபோது பார்த்த வேலைகள்

மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஒரு சிறிய இணையதளம் நடத்தி வருகிறேன். ஈரோட்டுப் பக்கம் வீடு. எழுதுவது, படம் எடுப்பது, சர்வரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நான்தான். ஹோஸ்டிங், டொமைன், பேக்கப் வைக்கும் இடம், அவ்வப்போது வாங்கிச் சோதிக்கும் விதை, உரம் என்று இதற்கு ஒரு மாதச் செலவு உண்டு. பக்கங்களில் வரும் விளம்பரங்கள்தான் அந்தச் செலவைத் தாங்கிக்கொண்டிருந்தன.

ஆனி பாதியிலேயே எங்கள் தளத்துக்குக் கூட்டம் ஏறத் தொடங்கிவிடும். ஆடிப்பட்டத்துக்கு எதை ஊன்றலாம், பீர்க்கனுக்குப் பந்தல் எவ்வளவு உயரம் போடலாம், தென்னை நார்க் கழிவை எத்தனை தடவை அலச வேண்டும் என்று தேடி வருவார்கள். அந்தச் சமயத்தில்தான் விளம்பர நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தளத்தில் காட்டப்படும் விளம்பரங்களின் எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைத்திருக்கிறோம், காரணம் தவறான டிராஃபிக், பொதுவாக 30 நாளுக்குள் நீங்கிவிடும், சில நேரம் நீளலாம். அவ்வளவுதான் விஷயம். எந்தப் பக்கம், எந்த நாள், எந்த வருகை என்ற விவரம் எதுவும் இல்லை. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. பெரிய விளம்பர நிறுவனங்கள் பலவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் இந்த ஏற்பாடு இருக்கிறது.

இதே மின்னஞ்சல் வந்து தவித்துப்போனவர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். தமிழில் தனியாகத் தளம் நடத்துகிறவர்களுக்கு விளம்பரப் பணம் சிறிய தொகைதான். ஆனாலும் அது நின்றுபோனால் தளமே நின்றுபோகும் நிலையில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதைப் பற்றிய நடவடிக்கை என்று பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். விதிமீறல் என்றால் அது ஒரு பக்கத்தைப் பற்றியது. எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார்கள். திருத்திவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கணக்கு முடக்கம் அதைவிடப் பெரியது, அதற்கு மேல்முறையீடு உண்டு. இந்த வரம்பு இரண்டிலும் சேராது. எழுத்தில் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. மேல்முறையீட்டுக்கான பொத்தானும் கிடையாது. வருகின்ற ஆட்கள் உண்மையான வாசகர்கள்தானா என்று நிறுவனத்துக்குச் சந்தேகம், அது தீரும்வரை விளம்பரத்தைக் குறைத்து வைக்கிறார்கள், அவ்வளவே. விளம்பரம் கொடுத்தவர் தட்டலுக்கு இவ்வளவு என்று காசு கட்டுகிறார். தட்டியது ஆள் இல்லை, எந்திரம் என்று பிறகு தெரிந்தால் அந்தக் காசை அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நமக்கு எரிச்சலாக இருந்தாலும், விதைக் கடைக்காரர் ஒருவர் அந்தப் பக்கம் நின்று காசு கட்டுகிறார் என்று நினைத்தால் சரியான ஏற்பாடுதான்.

இது புரிந்ததும் மனசு கொஞ்சம் நிதானப்பட்டது. நாற்பது கட்டுரையை அழிக்கவோ தளத்தின் தோற்றத்தை மாற்றவோ போகவில்லை. விளம்பரக் குறியீட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டவும் இல்லை. அவர்கள் வருகையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள் என்றால், பார்ப்பதற்கு வருகை இருக்க வேண்டும். குறியீடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வேறு பெயரில் இன்னொரு கணக்கு தொடங்குவது அதைவிட மோசமான யோசனை. அது கண்டிப்பாக விதிமீறல், இரண்டு கணக்குமே போய்விடும்.

அப்புறம் சர்வரின் பதிவேடான லாகைத் திறந்தேன். இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் வருகையை எண்ணிக் காட்டும் அனலிட்டிக்ஸ் திரையோடு நின்றுவிடுகிறார்கள்.

சர்வர் லாகில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி விழும். ஐபி முகவரி, நேரம், கேட்ட பக்கம் அல்லது படம், 200 அல்லது 404 என்ற விடை எண், எங்கிருந்து வந்தார் என்ற இணைப்பு, கடைசியில் எந்த உலாவி என்று சொல்லும் யூசர் ஏஜென்ட். பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் கொஞ்ச நேரம் படித்தால் பழகிவிடும். கோஅக்செஸ் என்ற இலவச மென்பொருள் இதை அட்டவணையாக்கிக் கொடுக்கும். இருந்தாலும் சில நூறு வரிகளையாவது கண்ணால் படிப்பது நல்லது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் சிபேனல் என்ற நிர்வாகத் திரையில் ‘ரா அக்செஸ்’ என்ற இடத்துக்குப் போய், லாகைச் சேமித்து வைக்கும் வசதியை இன்றைக்கே போட்டு வையுங்கள். பல இடங்களில் பழைய லாக் தானாக அழிந்துவிடும். பிரச்சினை வந்த பிறகு தேடினால் கிடைக்காது.

படிக்கப் படிக்க வருகிறவர்கள் மூன்று விதமாகப் பிரிந்தார்கள். முதல் வகை நம் வாசகர்கள். வெண்டை பற்றிய பக்கத்தைக் கேட்ட அடுத்த நொடி அதன் படங்கள், எழுத்துரு, ஸ்டைல் கோப்பு எல்லாம் கேட்கப்பட்டிருக்கும். வந்த வழி தேடலாகவோ வாட்ஸ்அப்பாகவோ ஃபேஸ்புக்காகவோ இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் கழித்து அதே முகவரியிலிருந்து அசுவினிக்கு என்ன தெளிப்பது என்ற பக்கம் திறக்கும். வெண்டையில் அசுவினி பார்த்திருக்கிறார் என்று நமக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது வகை, எழுத்தை மட்டும் அள்ளிக்கொண்டு போகும் பாட்கள், அதாவது தானாக ஓடும் நிரல்கள். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பில் இருக்கும் வரிசையிலேயே நொடிக்கொரு பக்கம் கேட்கும். படம் கேட்காது, உலாவிக்குள் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது. லாகில் இவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் நம் பிரச்சினைக்கு இவை பெரும்பாலும் காரணமே இல்லை. விளம்பரப் பெட்டி ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் நிரம்பும். எழுத்தை மட்டும் எடுத்துப்போகும் பாட் விளம்பரத்தைக் கேட்பதே இல்லை. சர்வருக்குச் சுமை, அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் பாட்களும் இப்போது நிறைய வருகின்றன. ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடிபாட் 2023-லிருந்து தன் பெயரைச் சொல்லிக்கொண்டே வருகிறது. அவற்றை விடுவதா தடுப்பதா என்பது தனிக் கேள்வி, அதற்கும் விளம்பர வரம்புக்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ரோபாட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பில் வரக்கூடாது என்று எழுதி வைக்கலாம். 1994-லிருந்து இருக்கும் வழக்கம் அது, 2022-ல் முறையான இணையத் தரமாகவும் ஆனது. ஆனால் அது வேண்டுகோள் மட்டுமே. மதிக்கிற பாட் மதிக்கும்.

மூன்றாவது வகைதான் நாம் தேட வேண்டியது. இவை முழு உலாவி போலவே வரும். படம் கேட்கும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடும், அதனால் விளம்பரமும் கேட்கும். திரை இல்லாமல் ஓடும் குரோம், அதாவது ஹெட்லெஸ் குரோம். லாகையும் அனலிட்டிக்ஸையும் சேர்த்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த அடையாளம் இவைதான்: தங்கிய நேரம் பூஜ்யம். எங்கிருந்து வந்தார் என்ற இடம் காலி. எல்லாமே ஒரே பழைய குரோம் பதிப்பு. திரை அளவு 800-க்கு 600, இந்தக் காலத்தில் எந்தக் கைபேசியிலும் மடிக்கணினியிலும் இல்லாத அளவு. வந்து விழுந்ததெல்லாம் பழைய இரண்டு மூன்று பக்கங்களில். ஆடிப்பட்டத்தில் யாரும் தேடாத, தைப்பட்டத்துத் தர்பூசணி பற்றிய பக்கம் அதில் ஒன்று. மற்ற பக்கங்கள் வழக்கம்போல் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, தர்பூசணிப் பக்கம் மட்டும் நடுராத்திரியில் செங்குத்தாக ஏறியிருந்தது.

அனலிட்டிக்ஸில் ஊர் வாரியாகப் பார்த்தால் அமெரிக்காவில் ஆஷ்பர்ன் என்ற ஊர் மேலே நின்றது. வர்ஜீனியாவில் இருக்கும் அந்த ஊர், சர்வர்களைக் கூட்டமாக வைத்திருக்கும் டேட்டா சென்டர்களுக்குப் பேர் போனது. இணையப் போக்குவரத்து நிறைய அந்த வட்டாரம் வழியாகப் போகிறது. உடனே அந்த ஊரையே தடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பகுதியில் நம் ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக வாழ்கிறார்கள். பின்கட்டில் கருவேப்பிலையும் முருங்கையும் தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் எப்படி உள்ளே எடுத்து வைப்பது என்று எனக்கு எழுதிக் கேட்ட வாசகரும் அந்தப் பக்கத்துக்காரர்தான். அவரைத் தடுத்துவிட்டு நான் யாருக்கு எழுதுவது?

ஊரை விட்டுவிட்டு வலையமைப்பைப் பார்த்தால் வழி கிடைக்கும். ஒவ்வொரு ஐபி முகவரியும் எந்த நிறுவனத்தின் வலையமைப்பில் இருக்கிறது என்பதற்கு ஏஎஸ்என் என்று ஓர் எண் உண்டு. வீட்டு இணைப்பு, கைபேசி இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தின் எண் வேறு, சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் எண் வேறு. தோட்டம் போடுகிற ஆள் டேட்டா சென்டரில் உட்கார்ந்து படிக்க மாட்டார். தளத்துக்கு முன்னால் நின்று வருகையை வடிகட்டும் சேவையான கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்திலேயே சில விதிகளை நாமே எழுதிக்கொள்ளலாம். லாகில் மூன்றாவது வகை எந்தெந்த ஏஎஸ்என்-லிருந்து வந்ததோ அவற்றுக்கு மட்டும், ‘நீங்கள் மனிதர்தானா’ என்று சோதிக்கும் படியை வைத்தேன். முழுத் தடை போடவில்லை. விபிஎன் வழியாக வரும் வாசகர் இருந்தால் அவர் சோதனையைத் தாண்டி உள்ளே வந்துவிடுவார்.

விதி எழுதும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். தேடுபொறியின் பாட்களும் டேட்டா சென்டரிலிருந்துதான் வருகின்றன. சரிபார்க்கப்பட்ட பாட்களுக்கு விதிவிலக்கு என்று சேர்க்காவிட்டால் தேடலிலிருந்தே பக்கங்கள் காணாமல் போகும். யூசர் ஏஜென்டில் கூகுள்பாட் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பக்கூடாது, யார் வேண்டுமானாலும் அப்படி எழுதிக்கொள்ளலாம். ஐபி முகவரியைத் திருப்பித் தேடினால் கூகுள்பாட் டாட் காம் அல்லது கூகுள் டாட் காம் என்று முடியும் பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைத் தேடினால் அதே ஐபி வர வேண்டும். இன்னொன்று, வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் இணைப்பைப் பகிர்ந்தால் தலைப்பும் படமும் வருகிறதே, அதையும் ஒரு பாட்தான் எடுத்துப் போகிறது. விதி போட்ட கையோடு ஒரு இணைப்பை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, படம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். படம் இல்லாத இணைப்பை நம் மக்கள் திறக்கவே மாட்டார்கள். கிளவுட்ஃப்ளேர் போன்ற ஒன்றை முன்னால் வைத்த பிறகு சர்வர் லாகில் வாசகரின் ஐபிக்குப் பதிலாக அவர்களுடைய ஐபி விழும். உண்மையான முகவரியைப் பதியும்படி சர்வரில் ஒரு மாற்றம் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை லாகைப் படித்துப் பயனில்லை.

எந்திரங்களின் கதை இவ்வளவுதான். என்னை அதிகம் யோசிக்க வைத்தது மனிதர்கள் பக்கம்.

விளம்பரம் குறைந்ததை வாசகர்களும் கவனித்திருந்தார்கள். கோபிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பல வருடமாகப் படிப்பவர், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். “அம்மணி, இப்பெல்லாம் உங்க பக்கத்துல விளம்பரமே வர்றதில்லீங்களே, ஏனுங்? நம்மாலான ஒத்தாசைன்னு நம்ம குரூப்புல எல்லாரும் காலையில காப்பி குடிச்ச கையோட ஆளுக்கொரு தட்டு தட்டீட்டுத்தானுங்க படிச்சிட்டிருந்தோம்.”

அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பதில் அனுப்பவில்லை. எவ்வளவு நல்ல மனசு. அவர்களுக்கு என்னிடமிருந்து ஒன்றும் வேண்டாம், தளம் நிற்கக்கூடாது என்ற ஒரே எண்ணம்தான். ஆனால் விளம்பர நிறுவனத்தின் கணினிக்கு அந்த மனசு தெரியாது. ஒரே குழுவிலிருந்து, ஒரே நேரத்தில், தினமும், தட்டிய உடனே திரும்பி வந்துவிடும் தட்டல்கள்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். பாட் செய்வதற்கும் அதற்கும் எண்களில் பெரிய வித்தியாசம் இருக்காது.

பதிலைக் குரலிலேயே அனுப்பினேன். “ஐயா, உங்க மனசு எனக்குத் தெரியுமுங்க. ஆனா அந்த விளம்பரம் கொடுத்தவரு ஒவ்வொரு தட்டுக்கும் காசு கட்டறாருங்க. வாங்கற எண்ணம் இல்லாம தட்டினா அவரு காசு வீணாப் போகுது, நம்ம தளத்து மேலயும் சந்தேகம் வருதுங்க. உங்களுக்கு வேணுங்கற பொருளா இருந்தா பாருங்க, இல்லீன்னா விளம்பரத்த அப்படியே விட்டுருங்க. நீங்க படிச்சு, பத்துப் பேருக்குச் சொன்னாலே எனக்குப் போதுமுங்க.” அவர் அதை அப்படியே குழுவில் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து அந்தத் தட்டல்கள் நின்றன. அதற்குப் பதிலாக யார் யார் வீட்டில் எது காய்த்திருக்கிறது என்று படம் அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் படங்களில் சில இப்போது தளத்தில் இருக்கின்றன.

இதைத் தளத்தில் பெரிய அறிவிப்பாகப் போடலாமா என்று கேட்பார்கள். நான் போடவில்லை. ‘விளம்பரத்தைத் தட்டி ஆதரவு தாருங்கள்’ என்று எழுதுவது விதிமீறல் என்பது எல்லோருக்கும் தெரியும். ‘தட்டாதீர்கள்’ என்று பலகை வைப்பதும் விளம்பரத்தின் மேல் தேவையில்லாத கவனத்தைத் திருப்பும். தளத்துக்கு உதவுவது எப்படி என்ற பக்கத்தில் இரண்டு வரி சேர்த்தேன். தனியாகக் கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்கும் இதைச் சொல்லி வைப்பது முக்கியம். பெரியவர்கள் பாசத்தில் தட்டிவிடுவார்கள்.

தெரியாமல் விரல் படுவதும் உண்டு. விளம்பரம் கொஞ்சம் தாமதமாக ஏறும்போது அதற்குக் கீழே இருக்கும் எழுத்து தடாலென்று இறங்கும். அடுத்த பக்கத்துக்குப் போகத் தட்டிய விரல் விளம்பரத்தின் மேல் விழும். பெட்டிக்கு முன்கூட்டியே உயரம் ஒதுக்கி வைத்தால் இந்தக் குதிப்பு இருக்காது. சிஎல்எஸ் என்று இதற்கு ஓர் அளவு இருக்கிறது, 0.1-க்குள் இருந்தால் நல்லது. கைபேசியில் பக்கத்தின் முக்கிய உள்ளடக்கப் பகுதியின் உயரத்தில் 30 சதவீதத்துக்கு மேல் விளம்பரம் இருந்தால் வாசகருக்குத் தொல்லை என்பது ‘பெட்டர் ஆட்ஸ்’ கூட்டமைப்பின் வரையறை. 2019 ஜூலையிலிருந்து குரோம் உலகம் முழுக்க அந்த வரையறையை வைத்து, மீறும் தளங்களின் விளம்பரங்களை வடிகட்டுகிறது. ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். உங்கள் தளத்தின் விளம்பர இடத்தை யார் விற்கலாம் என்று சொல்லும் கோப்பு அது. எப்போதோ கைவிட்ட நிறுவனங்களின் வரிகள் அதில் கிடந்தால் எடுத்துவிடலாம்.

உயரம் ஒதுக்கிய பெட்டிகள் வரம்புக் காலத்தில் வெறுமையாகக் கிடந்தன. கட்டுரை நடுவில் வெள்ளையாக ஒரு பெரிய இடைவெளி, பார்க்கவே கஷ்டமாக இருந்தது. விளம்பரம் வராவிட்டால் அந்த இடத்தில் நம்முடைய அட்டை ஒன்று தெரியும்படி செய்தேன். ‘இந்த வாரம் விதைக்க: கொத்தவரை, அவரை, சுரை, வெண்டை’, கீழே முழு விதைப்பு அட்டவணைக்கு இணைப்பு. சாதாரண யோசனைதான், ஆனால் வாசகர்கள் விளம்பரத்தைவிட அதை அதிகம் விரும்பினார்கள். வரம்பு போன பிறகும் ஒரு பெட்டியை அந்த அட்டைக்கே விட்டுவிட்டேன்.

அடுத்தது பணம். ஆடி மாதம் வர வேண்டிய வருமானத்தை நம்பி எதையும் கட்டியிருக்கவில்லை என்பதால் மூச்சு விட நேரம் இருந்தது. விளம்பர நிறுவனத்தின் திரையில் தெரியும் தொகை மதிப்பீடுதான், மாதக் கடைசியில் தவறான தட்டல்களுக்குக் கழித்துக்கொண்டு, அதற்கும் பிறகுதான் வங்கிக்கு வரும். அதனால் வங்கிக்கு வந்த பணத்தை மட்டுமே கணக்கில் எழுதுவது என் வழக்கம். ஒரு வருட ஹோஸ்டிங் செலவைத் தனியாக ஒதுக்கி வைக்க முடிந்தவர்கள் கட்டாயம் வையுங்கள். சிறு தளத்துக்கு அதுதான் முதல் காப்பு.

வரம்பு நேரத்தில்தான் நேரடி விளம்பரத்தில் இறங்கினேன். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க் கழிவுக் கட்டி செய்து விற்பவர் ஒருவர், எங்கள் பக்கங்களைப் படித்துவிட்டு வாடிக்கையாளர் வருகிறார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார். அவரிடம் மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசினேன். தட்டலுக்கு இவ்வளவு என்ற கணக்கே வைத்துக்கொள்ளவில்லை. தட்டலை எண்ணத் தொடங்கினால் பழைய தலைவலி மறுபடி வரும். அவர் தன் பங்குக்கு, “அப்படியே நம்ம கட்டி நல்லா இருக்குன்னு ஒரு கட்டுரை போட்டுருங்க” என்றார். அது முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. நார்க் கழிவில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை ஊறவைத்த தண்ணீரில் ஈசி மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் நான் எழுதுவேன். அவர் கொடுத்த கட்டியையும் அப்படியே சோதித்து, இரண்டு முறை அலசினால் செடிக்கு ஏற்றது என்று உள்ளதைச் சொன்னேன். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை, பையிலேயே ‘இரண்டு முறை அலசவும்’ என்று அச்சிட்டுவிட்டார்.

அந்த விளம்பரத்தின் மேல் ‘விளம்பரம்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். இந்திய விளம்பரத் தரக் குழுவான ஆஸ்கி 2021-ல் கொண்டுவந்த நெறிமுறை, காசு வாங்கிக்கொண்டு பேசுகிற எதையும் அப்படிக் குறிப்பிடச் சொல்கிறது. இணைப்பில் ‘ஸ்பான்சர்ட்’ என்ற குறியும் போட வேண்டும், காசுக்கு வந்த இணைப்பு என்று தேடுபொறிக்குச் சொல்வதற்கு. இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குத்தான் என்று விட்டுவிடாதீர்கள். நம்மிடம் இருக்கும் ஒரே மூலதனம் வாசகர் நம்பிக்கை.

யூபிஐ க்யூஆர் ஒன்றையும் வைத்தேன். ஸ்கேன் செய்தால் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் தெரியும், யூபிஐ முகவரியில் பலருக்குக் கைபேசி எண்ணே இருக்கும். தனிக் கணக்கு, எண் இல்லாத முகவரி என்று ஏற்பாடு செய்துகொண்டால் தொல்லை இல்லை, பெண்களுக்கு இது மிகவும் அவசியம். வெளிநாட்டில் இருக்கும் பெரும்பாலான வாசகர்களுக்கு யூபிஐ உதவாது. ஊரில் இருக்கிறவர்கள் பத்து, இருபது, ஐம்பது என்று அனுப்பினார்கள், குறிப்பில் ‘கத்தரி நல்லா வந்துச்சு’ என்று எழுதி. தொகை சிறியது, ஆனால் ஹோஸ்டிங் கட்டணத்தில் நல்ல பங்கு அதிலேயே வந்துவிட்டது.

வரம்பு வந்த செய்தியை வெளியே சொன்னால் உடனே சில மின்னஞ்சல்கள் வரும். உங்கள் வரம்பை நீக்கித் தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள், கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்பார்கள். சுத்தமான டிராஃபிக் தருகிறோம் என்று இன்னொரு கூட்டம். வரம்பை நீக்கும் அதிகாரம் விளம்பர நிறுவனத்தைத் தவிர யாரிடமும் இல்லை. காசுக்கு விற்கும் டிராஃபிக் எதுவும் சுத்தமானதும் இல்லை. பதில்கூடப் போட வேண்டாம்.

வரம்பு ஒரே நாளில் திறந்துகொள்ளவில்லை. முதலில் சில பெட்டிகள் நிரம்பின, பிறகு மெல்ல மெல்ல எல்லாம். ஆடி முடிந்து ஆவணி ஆகிவிட்டது, நல்ல பருவத்து வருமானம் போனது போனதுதான். என் விதிகளால் நீங்கியதா, குழுவினர் தட்டலை நிறுத்தியதாலா, இல்லை காலம் முடிந்து தானாகவே நீங்கியதா என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டையும் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறேன். ஒரு நோட்டில், எந்தக் கட்டுரை எந்த வாட்ஸ்அப் குழுவில் அல்லது எந்த ஃபேஸ்புக் பக்கத்தில் பகிரப்பட்டது என்று தேதி போட்டு எழுதி வருகிறேன். திடீர் ஏற்றம் தெரிந்தால் முதலில் நோட்டு, அப்புறம் லாக். நல்ல ஏற்றத்தையும் கெட்ட ஏற்றத்தையும் பிரித்துப் பார்க்க இது போதும்.

இதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி, உடனே வேறு விளம்பர நிறுவனத்துக்கு மாறிவிடலாமா என்பது. வருகையில் இருக்கும் கோளாறு அப்படியே இருந்தால் புது இடத்திலும் இதே சந்தேகம் வரும், அதனால் முதலில் லாகைப் பார்த்துவிட்டு மாறுங்கள். வரம்புக் காலத்தில் கேட்டவுடன் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களில் சில, பக்கத்துக்குப் பின்னால் தானாக ஜன்னல் திறப்பவை, தட்டினால் சூதாட்டத் தளத்துக்குக் கொண்டுபோகிறவை. இணையச் சூதாட்டத்துக்கு விளம்பரம் செய்வதையே தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், வெண்டைக்காய்க்கு வந்த வாசகரை அங்கே அனுப்ப எனக்கு மனசு வராது. பழைய கணக்கு ஒழுங்காக இருக்கும்போதே, அவசரம் இல்லாத ஒரு மாதத்தில், நல்ல பெயருள்ள இரண்டாவது நிறுவனம் ஒன்றில் விண்ணப்பித்து, ஒரே ஒரு பெட்டியை மட்டும் அதற்குக் கொடுத்துப் பாருங்கள். நான் புரட்டாசியில் அப்படித்தான் செய்தேன். இப்போது பெரிய நிறுவனத்தின் விளம்பரம், இந்த இரண்டாவது பெட்டி, பொள்ளாச்சிக்காரர், யூபிஐ என்று நான்கு வழியில் பணம் வருகிறது. இவற்றில் எதுவும் மொத்தத்தில் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.